நீலம் போன தண்ணீர்

ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மில்லிகிராம் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் கரைந்தால் வரும் நிறத்தைச் சொல்ல வேண்டுமானால், வெள்ளைத் துணி அலசுவதற்காகச் சொட்டு நீலம் கலந்து, கை தவறிச் சற்றுக் கூடுதலாக விழுந்துவிட்ட வாளியைத்தான் சொல்ல வேண்டும். அந்த நீலத் தண்ணீரில் 100 மில்லி எடுத்து, நானே தயாரித்த வெளிர்மஞ்சள் பொடியில் 50 மில்லிகிராமை அதில் போட்டு, காந்தக் கலக்கியின் மேல் ஏற்றி, வடசென்னையில் நான் ஆய்வு மாணவியாக இருக்கும் கல்லூரியின் மொட்டை மாடியில் ஒரு மார்ச் மாதப் பகலில் வெயிலில் வைத்தேன். பதினொன்றரை மணிக்கு வைத்த தண்ணீர் ஒரு மணிக்கெல்லாம் தெளிந்துவிட்டது. வடமேற்கே மணலியின் புகைபோக்கிகள் பின்னணியில் தெரியும்படி அந்தக் குவளையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "ஏண்டி, துணி வெளுப்பா இருக்கணும்னு நாங்க நீலம் போடுறோம், நீ அந்த நீலத்தை வெளுக்க வைக்கவா இத்தனை வருஷம் படிக்கிற?" என்று அம்மா தொலைபேசியில் சிரித்தார்.

என் நெறியாளர் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, "இருட்டுல வச்சுப் பார்த்தியாம்மா?" என்று மட்டும் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் நிலைக்கு வர எனக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடித்தது. ஒளி பட்டால் மாசுகளைச் சிதைக்கும், இரண்டு பொருள்களை இணைத்துச் செய்த அந்தப் பொடியை, அதாவது கூட்டு ஒளிவினையூக்கியை எப்படிச் செய்கிறோம் என்பதோடு, அது வேலை செய்ததாக நம்மை நாமே எப்படி ஏமாற்றிக்கொள்கிறோம் என்பதையும் இங்கே எழுதி வைக்க நினைக்கிறேன்.

வெயிலைக் கொண்டு நிறத்தைப் போக்குவது எங்கள் பகுதிக்குப் புதிய தொழில் அன்று. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளைச் சலவை செய்து, வெயிலில் விரித்து வெளுத்துக் கொடுத்த தொழிலாளர்கள் குடியிருந்ததால்தான் வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. டைட்டானியம் டை ஆக்சைடு, சுருக்கமாக டைட்டானியா, என்ற வெள்ளைப் பொடியும் இந்த ஆற்றலை முதலில் வெளுப்பதில்தான் காட்டியது. அந்தப் பொடியின் மேல் படிந்த சாயம் புற ஊதா ஒளியில் வெளுத்துப்போவதை 1938-இலேயே குடீவும் கிச்னரும் எழுதியிருக்கிறார்கள். பெயின்ட் உற்பத்தியாளர்களுக்கு இது ஒரு தலைவலியாகவே இருந்தது. வெள்ளை பெயின்ட்டில் உள்ள இந்தப் பொடி வெயில் பட்டுத் தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிசினையே அரித்துவிடுவதால், சுவரில் சாய்ந்தால் சட்டையில் மாவு ஒட்டும். அதைத் தடுக்கத்தான் பெயின்ட்டுக்கான பொடியின் மேல் சிலிக்கா, அலுமினா பூச்சு கொடுக்கிறார்கள். பெயின்ட்காரருக்கு நோயாக இருந்ததே எங்களுக்கு மருந்தாகிவிட்டது. 1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக் காட்டிய பிறகு இந்தத் துறைக்கே புதிய கதவு திறந்தது. 1977-இல் ஃபிராங்க்கும் பார்டும் தண்ணீரில் இருந்த சயனைடை இதே பொடியால் ஆக்சிஜனேற்றம் செய்து காட்டினார்கள். மாசு நீக்கம் என்ற திசை அங்கிருந்துதான் தெளிவாகத் தொடங்குகிறது.

இந்தப் பொடியின் குறை என்னவென்றால், அதற்குச் சூரிய ஒளியில் பெரும்பகுதி பயன்படாது. அனடேஸ் என்ற வடிவில் அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது உள்ளிருக்கும் எலக்ட்ரான் மேலே தாவத் தேவையான ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். அதைத் தாண்ட 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் வேண்டும், அதாவது புற ஊதா வேண்டும். தரைக்கு வந்து சேரும் வெயிலில் அந்தப் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தாலும் அதில் பெரும்பகுதி பொடிக்கு வெறும் வெளிச்சம். அந்த 5 விழுக்காட்டிலும் இன்னொரு விரயம் நடக்கிறது. ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் மேல்பட்டைக்குத் தாவுகிறது, கீழே அது விட்டுப்போன காலியிடமாக ஒரு துளை மிஞ்சுகிறது. துளை தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பு என்ற வீரியமான துணுக்கையும், எலக்ட்ரான் கரைந்துள்ள ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்சைடையும் உண்டாக்கினால்தான் மாசு சிதையும். ஆனால் பெரும்பாலான எலக்ட்ரான்கள் அந்த வேலைக்குப் போகாமல் மிகக் குறுகிய நேரத்தில் திரும்பி வந்து துளையோடு சேர்ந்து, வாங்கிய ஆற்றலை வெப்பமாக விட்டுவிடுகின்றன. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வண்டியிலிருந்து இறக்கிய ஐஸ் கட்டியைப் போலத்தான். உடைத்துப் பெட்டியில் போட ஆள் தயாராக இல்லாவிட்டால் வாங்கிய காசு தரையில் ஓடிவிடும்.

கூட்டு வினையூக்கி என்பது இந்த இரண்டு குறைக்கும் சேர்த்துச் செய்யும் ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சும் இன்னொரு பொருளை டைட்டானியாவோடு தோள் சேர்த்து நிற்க வைத்தால், பயன்படும் ஒளியின் எல்லை விரியும். எலக்ட்ரான் ஒருவர் கையிலும் துளை இன்னொருவர் கையிலும் பிரிந்துபோவதால் அவை மீண்டும் சேர்வதும் குறையும். நான் எடுத்துக்கொண்ட துணை, கிராஃபிடிக் கார்பன் நைட்ரைடு. அதன் மூதாதையான மெலான் என்ற பொருளுக்கு லீபிக் 1834-இலேயே பெயர் வைத்துவிட்டார்; ஆனால் அது கண்ணுறு ஒளியில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும் என்பது 2009-இல்தான் வெளிவந்தது. ஆற்றல் இடைவெளி 2.7 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் 460 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை உறிஞ்சும். அதனால்தான் பொடி அரைத்த சந்தனத்தின் நிறத்தில் இருக்கிறது. உலோகம் எதுவும் இல்லை, விலையும் மலிவு. உரக்கடையில் கிடைக்கும் யூரியாவே அதற்கு மூலப்பொருள். ஆய்வகத்தில் மட்டும் தூய தர யூரியாவைப் பயன்படுத்துகிறோம்.

செய்முறை எழுத்தில் ஒரே வரிதான். மூடி போட்ட அலுமினா க்ரூசிபிள் என்ற சூடு தாங்கும் கிண்ணத்தில் 10 கிராம் யூரியாவை இட்டு, மஃபிள் உலையில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 550 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, இரண்டு மணி நேரம் அங்கேயே நிறுத்த வேண்டும். முதல் முறை மூடியைத் திறந்தபோது க்ரூசிபிள் காலியாக இருக்கிறது என்றே நினைத்தேன். அடியில் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டி எடை போட்டால் அரை கிராம்கூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் போய்விடுகிறது. மெலமைனிலிருந்து செய்தால் பாதியளவு கைக்கு வரும், ஆனால் அது கெட்டியான கட்டி. யூரியாவிலிருந்து வருவதற்குப் புறப்பரப்பு பல மடங்கு அதிகம் என்பதால் இந்த நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்கிறோம். வெளியேறும் அம்மோனியாவைத்தான் பொறுக்க முடியாது. எங்கள் ஆய்வகத்தின் புகை வெளியேற்றும் விசிறி பழுதாகிக் கிடந்த ஒரு மாதத்தில் நான் உலையைப் போட்டுவிட, தாழ்வாரம் முழுவதும் வாடை பரவியது. எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஊர் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடிய 2023 டிசம்பர் 26-ஆம் தேதி எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்கவில்லை. பெரியகுப்பத்திலிருந்து வரும் ஓர் இளநிலை மாணவி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு படியிறங்கிப் போனதைப் பார்த்த பிறகு, விசிறி சரியாகும்வரை உலையை நான் தொடவில்லை.

டைட்டானியாவுக்கு டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு என்ற திரவத்தைப் பயன்படுத்துகிறேன். அது ஈரக்காற்றைக் கண்டாலே நீராற்பகுப்பு அடைந்து வெள்ளையாகத் திரியும். கடலிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஐப்பசி மழைக்காலத்தில், குளிரூட்டி இல்லாத அறையில் அந்தப் பாட்டிலைத் திறப்பது ஒரு பரீட்சை. மூடியைக் கழற்றிப் பிப்பெட்டை உள்ளே விடுவதற்குள் பாட்டிலின் கழுத்தில் சுண்ணாம்பு பூத்ததுபோல் படிந்துவிடும். அந்தப் படிவு அடுத்த முறை உள்ளே உதிர்ந்தால் மொத்தப் பாட்டிலும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். எத்தனாலில் கரைத்து, சிறிது அசிட்டிக் அமிலம் சேர்த்தால் நீராற்பகுப்பு நிதானப்படும். அதன் பிறகு கார்பன் நைட்ரைடு கலந்து ஒரு மணி நேரம் அல்ட்ராசானிக் தொட்டியில் பிரித்து வைத்திருக்கும் எத்தனாலை ஊற்றி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நான் ஒருமுறை பொறுமையிழந்து தண்ணீரைக் கவிழ்த்துவிட்டேன். பால் திரிந்ததுபோல் டைட்டானியா தனியாகக் கட்டி கட்டியாகவும், மஞ்சள் தனியாகவும் பிரிந்து நின்றன. அதையும் வீணாக்காமல் உலர்த்தி, 400 டிகிரியில் சுட்டு, "வெறும் கலவை" என்று சீட்டு ஒட்டி வைத்தேன். பின்னால் அதுவே எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள ஒப்பீடாக ஆயிற்று. இரண்டு பொடியும் பக்கத்தில் கிடப்பதற்கும் ஒன்றோடொன்று ஒட்டி இணைந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அதை வைத்துத்தான் காட்ட முடிந்தது.

இணைந்திருக்கிறதா என்பதை, எக்ஸ் கதிர் பாய்ச்சிப் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி படம் சொல்லும் என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். அனடேஸின் தலையாய முகடு 25.3 டிகிரியில், கார்பன் நைட்ரைடின் முகடு 27.4 டிகிரியில், அருகருகே உள்ள இரண்டு முகடுகளும் தெரிந்தால் இரண்டு பொருளும் பொடியில் இருக்கின்றன என்றுதான் பொருள். இணைப்பைக் காண எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அதற்கு வேறு நிறுவனத்தில் முன்பதிவு செய்து, முறை வரக் காத்திருக்க வேண்டும்.

இனி அந்த இருட்டுக் கேள்விக்கு வருகிறேன். அதே நீலத் தண்ணீர், அதே பொடி, கறுப்புத் துணி சுற்றிய குவளை, அரை மணி நேரம். துணியைப் பிரித்துப் பொடியைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அடியில் இறக்கி, சாயம் மிக அதிகமாக ஒளியை உறிஞ்சும் 664 நானோமீட்டரில் அளந்தால் நீலத்தில் கணிசமான பங்கு ஒளியே படாமல் குறைந்திருந்தது. சிதைந்து போகவில்லை; பொடியின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. குழாயின் அடியில் தங்கிய பொடி, நீலம் போட்ட பனியன் நிறத்தில் இருந்ததை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. பிறகு பொடி போடாமல் வெறும் சாயத் தண்ணீரை வெயிலில் வைத்தேன். அதுவும் கொஞ்சம் வெளுத்தது. வெயிலில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கிவிடுவதால், குவளையில் கோடு போட்டு வைத்து ஈடு செய்யாமல் எடுத்த என் பழைய அளவுகள் எல்லாமே கோணலாக இருந்தன. வெயிலின் அளவை லக்ஸ் மீட்டரில் குறித்து வைத்திருந்ததும் வீண். அந்தக் கருவி மனிதக் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அளப்பது, புற ஊதாவை அது கணக்கிலேயே எடுப்பதில்லை.

இதைவிடப் பெரிய பாடம் ஒரு மூடிய சோதனைக் குழாயில் கிடைத்தது. சிதைவுக்குக் காரணம் எந்தத் தனியுறுப்பு என்று அறிய, அதை விழுங்கும் ஒரு பொருளைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஹைட்ராக்சிலுக்கு ஐசோபுரொப்பனால், சூப்பராக்சைடுக்குப் பென்சோகுயினோன், துளைக்கு அம்மோனியம் ஆக்சலேட். ஹைட்ராக்சில்தான் காரணம் என்றால், ஐசோபுரொப்பனால் சேர்த்ததும் வினையின் வேகம் குறைய வேண்டும். எனக்கோ, ஆவியாகிவிடக் கூடாதே என்று குழாயை இறுக மூடியிருந்த நிலையில், நீலம் முன்னைவிட வேகமாகக் காணாமல் போனது. ஹைட்ராக்சிலுக்கு வேலையே இல்லை என்று ஒரு முடிவை நோட்டில் எழுதியும் விட்டேன். கழுவுவதற்காக மூடியைத் திறந்து குலுக்கியபோது, திரவத்தின் மேற்பரப்பிலிருந்து நீலம் புகைபோல் கீழே இறங்கத் தொடங்கியது. குலுக்கக் குலுக்க முக்கால்வாசி நிறம் திரும்பி வந்தது. நடந்தது இதுதான்: ஆல்கஹால் துளைகளைத் தின்றுவிட, மூடிய குழாயில் ஆக்சிஜனும் தீர்ந்துபோக, போக்கிடம் இல்லாத எலக்ட்ரான்கள் சாயத்தின் மேலேயே ஏறி அதை நிறமற்ற லியூக்கோ வடிவமாக ஒடுக்கிவிட்டன. காற்று பட்டதும் அது பழைய உருவுக்கு வந்துவிட்டது. பெரும்பாலான மூலக்கூறுகள் உடையாமலே நீலம் மட்டும் ஒளிந்து விளையாடியிருக்கிறது. வெளுத்ததெல்லாம் பால் என்று நினைத்த எனக்கு அன்று சாயம் வெளுத்தது.

மெத்திலீன் ப்ளூவுக்கு இன்னும் ஒரு குறும்பு உண்டு. அது தானே கண்ணுறு ஒளியை உறிஞ்சும் பொருள். ஒளியை வாங்கிக் கிளர்ந்த சாய மூலக்கூறு தன் எலக்ட்ரானை டைட்டானியாவுக்குக் கொடுத்துவிட்டுத் தானே சிதையும். அப்போது வினையூக்கி கண்ணுறு ஒளியில் வேலை செய்ததுபோல் தெரியும், உண்மையில் ஒளியை உறிஞ்சியது சாயம். ஒளிவினைப் பரப்புகளைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 10678 என்ற சர்வதேசத் தரமுறை மெத்திலீன் ப்ளூவைப் பயன்படுத்தினாலும், புற ஊதா ஒளிக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறது. கண்ணுறு ஒளிப் பொடி செய்பவர்கள் பலரும் முதலில் இந்தச் சாயத்தைத்தான் எடுக்கிறார்கள்; மலிவு, அழகு, படத்தில் நன்றாக விழும். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

சாயம் உண்மையிலேயே உடைந்தாலும் கதை முடிவதில்லை. மெத்திலீன் ப்ளூவில் 16 கார்பன் அணுக்கள் இருக்கின்றன. ஓரத்தில் உள்ள மெத்தில் தொகுதிகள் கழன்றாலே ஒளி உறிஞ்சும் முகடு 664-இலிருந்து கீழே நகர்ந்து நிறம் மங்கும். நடு வளையம் திறந்தால் நிறம் போய்விடும். அதன் பிறகும் சிறிய அமிலங்களாக, ஃபீனால்களாகக் கார்பன் தண்ணீரிலேயே இருக்கும். பதினாறும் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறினால்தான் முழுச் சிதைவு. அதை அறிய மொத்தக் கரிமக் கார்பனை அளக்க வேண்டும். எங்களிடம் அந்தக் கருவி இல்லாததால் ஆறு மாதிரிகளை வெளியே அனுப்பினேன். நீலம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போயிருந்த தண்ணீரில் கார்பன் பாதிகூடக் குறைந்திருக்கவில்லை.

அதன் பிறகு நிறமற்ற மாசுகளுக்கு மாறினேன்: முதலில் ஃபீனால், பிறகு பாராசிட்டமால். கண்ணால் பார்த்து மகிழ இவற்றில் எதுவும் இல்லை; ஒவ்வொரு அரை மணிக்கும் மாதிரி எடுத்து, கரைந்திருப்பவற்றைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் ஏற்றினால்தான் தெரியும். வேலை சலிப்பானது, ஆனால் பொய் குறைவு. எலக்ட்ரான் எந்த வழியில் போகிறது என்ற கேள்விக்கும் இதில்தான் பிடி கிடைத்தது. கார்பன் நைட்ரைடில் துளை தங்கும் கீழ்ப்பட்டை 1.6 வோல்ட் அருகே இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் துளையால் தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சிலை உண்டாக்க இயலாது. எனவே துளைகள் எல்லாம் அந்தப் பக்கம் இறங்கிவிடுகின்றன என்ற பழைய விளக்கம் சரியானால் ஹைட்ராக்சில் குறைய வேண்டும். திறந்த குவளையில், காற்று ஊதியபடி செய்தபோது ஐசோபுரொப்பனால் வினையைத் தெளிவாகத் தடுத்தது. ஹைட்ராக்சில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். அப்படியானால் டைட்டானியாவின் வலுவான துளை தன் இடத்திலேயே தங்குகிறது, அதன் எலக்ட்ரான்தான் கார்பன் நைட்ரைடின் துளையை நிரப்புகிறது என்று கொள்வதற்கு இடம் இருக்கிறது. ஒளிச்சேர்க்கையைப் பார்த்து 1979-இல் பார்ட் சொன்ன இசட் வடிவப் பாதை இதுதான். வெயிலில் புற ஊதாவும் கலந்திருப்பதால் டைட்டானியா தனியாகவும் ஹைட்ராக்சிலைத் தரும் என்ற மறுப்பு வந்தது, அது நியாயமான மறுப்பு. "வெறும் கலவை" சீட்டு ஒட்டிய பொடி, ஒட்டி இணைந்த பொடியைவிட மிகக் குறைவாகவே செய்தது என்பதுதான் என் கையிலிருந்த பதில்.

வடித்த நீரில் இத்தனையும் செய்துவிட்டு, எங்கள் பகுதியில் பக்கிங்காம் கால்வாயிலிருந்து ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் தண்ணீர் எடுத்து வந்து, அதில் பாராசிட்டமால் கலந்து வைத்தபோது ஒரு பகல் முழுவதும் போயும் வரைபடக் கோடு இறங்க மறுத்தது. காரணங்கள் எதுவும் இரகசியமில்லை. கலங்கல் ஒளியை ஓர் அங்குலத்துக்குள் நிறுத்திவிடுகிறது. கடலேற்றத்தோடு வரும் குளோரைடும், தண்ணீரில் இயல்பாக உள்ள பைகார்பனேட்டும் ஹைட்ராக்சிலை வழியிலேயே வாங்கிக்கொள்கின்றன. சோப்பிலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் பாஸ்பேட் டைட்டானியாவின் மேற்பரப்பை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. மிஞ்சிய தனியுறுப்புகள் ஆயிரம் வகைக் கரிமங்களுக்கு நடுவில் என் பாராசிட்டமாலைத் தேடிப் போக வேண்டும். ஹைட்ராக்சிலோ தோன்றிய இடத்தை விட்டு அதிக தூரம் போகும் பொருளே அன்று. சாக்கடையை இந்தப் பொடி போட்டுச் சுத்தம் செய்துவிடலாம் என்று கருத்தரங்குகளில் பேசுபவர்கள் ஒருமுறை கால்வாய்த் தண்ணீரில் செய்து பார்க்க வேண்டும். வண்டல் இறங்கி, நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு முடிந்து, கடைசியில் நுண்ணுயிர்களுக்கும் அடங்காமல் மிஞ்சும் மருந்து எச்சங்களுக்கும் சாயங்களுக்கும்தான் இது பொருத்தமான கருவி. ஸ்பெயினின் அல்மேரியாவில் சூரிய ஒளியைக் குவித்துச் செய்யும் ஆய்வுகளும் பெரும்பாலும் அந்த இடத்தைத்தான் குறிவைக்கின்றன. மிக்ஜாம் புயலுக்குப் பின் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர்கள் குவளைகளால் அதை மொண்டு எடுத்த நாட்களில், "உன் பொடி இதுக்கு உதவாதா?" என்று உறவினர்கள் கேட்டார்கள். உதவாது. தடித்த எண்ணெய்ப் படலத்தின் அடியில் ஒளியே போகாது. கண்ணாடி நுண்குமிழிகளில் டைட்டானியா பூசி மிதக்கவிட்டு மெல்லிய எண்ணெயைச் சிதைக்க ஆடம் ஹெல்லர் என்ற ஆய்வாளர் முயன்றிருக்கிறார். அதற்கும் முதலில் தடித்த எண்ணெயை ஆட்கள் அள்ளித்தான் தீர வேண்டும்.

இப்போது என் கவலை பொடியைத் திரும்பப் பிடிப்பது. வடிதாளில் தங்காது, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, கழுவி, உலர்த்தினால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குழாயோடு போய்விடுகிறது. ஐந்து சுற்றில் திறன் குறைந்தது என்று எழுதும்போது, குறைந்தது திறனா பொடியா என்று எடை போட்டுப் பார்க்காதவர்கள் நிறையப் பேர். எனவே பொடியை விட்டுவிட்டு, இடித்த பழைய வீட்டு ஓடுகளைத் தேடிப் போனேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டை இடித்தபோது மேஸ்திரி ஒரு சாக்கு ஓடு கொடுத்தார். அம்மா அதை வாசலில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. தீப்பெட்டி அளவில் உடைத்து, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, மூன்று முறை முக்கி எடுத்து, ஒவ்வொரு முறையும் 400 டிகிரியில் சுட்டால் பூச்சு ஓட்டின் நுண்துளைகளில் பிடித்துக்கொள்கிறது. பொடியாக இருந்தபோது ஒன்றரை மணியில் முடிந்த வேலைக்கு இதில் ஒரு பகல் வேண்டும். ஒளி படும் பரப்பு அவ்வளவு குறைந்துவிட்டது. ஆனால் வேலை முடிந்ததும் ஓட்டைக் கையால் எடுத்துவிடலாம்.

ஆறு சுற்று முடிந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் ஓட்டை நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்து, துணியில் பொடி ஒட்டுகிறதா என்று பார்க்கிறேன். நான்காவது சுற்றில் மூலைகளில் லேசாக ஒட்டியது, அதன் பிறகு இல்லை. ஏழாவதுக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் கலந்து குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். மதியம் கடற்காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவதால் நாளைக்குப் பத்து மணிக்கே மாடிக்கு ஏற வேண்டும்.